நாடி பிடிக்கும் இடத்தில் ஒரு துளை

என் சித்தப்பாவுக்குக் காலையில் கை வழியாக ஆஞ்சியோ செய்தார்கள். அடைப்பு பெரிதாக இல்லை, மாத்திரை போதும் என்று சொல்லி மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு சாப்பிட்டுவிட்டுப் பாயிலிருந்து எழுந்தவர், பழக்கதோஷத்தில் வலது கையைத் தரையில் ஊன்றினார். அவ்வளவுதான். மணிக்கட்டில் ஒட்டியிருந்த பஞ்சு சிவந்து, ரத்தம் விரல் வழியே சொட்டத் தொடங்கியது. சித்தி பதறிப்போய்க் காபித்தூளை எடுத்து அப்பினார். நிற்கவில்லை. துண்டை எடுத்துச் சுற்றினார். அது நனைந்ததும் அதன் மேல் இன்னொரு துண்டு. எதிர் வீட்டு நர்ஸ் அக்கா ஓடி வந்து இரண்டு துண்டையும் அவிழ்த்தார். சித்தப்பாவைப் படுக்க வைத்து, கையைத் தூக்கிப் பிடித்து, தன் மூன்று விரல்களால் ஓர் இடத்தை அழுத்தினார். கால் மணி நேரம் விரலை எடுக்கவே இல்லை. ரத்தம் நின்றுவிட்டது.

இப்படி ரத்தம் வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாளில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் வீட்டில் யாரும் படிக்கவில்லை. அந்தத் தாளில் தமிழில் இருந்திருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்த வைத்தியர் நாடி பார்க்கும்போது மூன்று விரல்களை எங்கே வைப்பார் என்று நினைவிருக்கிறதா? பெருவிரல் பக்கமாக, மணிக்கட்டு மடிப்பைத் தாண்டி முழங்கைத் திசையில் சற்றே ஏறினால் எலும்பை ஒட்டித் துடிக்கும் இடம். அங்கே ஓடுவது ரேடியல் தமனி. பெரும்பாலானவர்களுக்கு அதன் உள்விட்டம் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபில் அந்தத் துடிப்பின் மேல் ஊசி போட்டு, ஊசி வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, கம்பியின் மேல் ஒரு சிறு உறைக்குழாயை நுழைக்கிறார்கள். அதை ஷீத் என்பார்கள். அந்தக் குழாய்தான் வாசல். நீண்ட கதீட்டர் அதன் வழியே புகுந்து, கை, தோள் என்று ஏறி இதயத்தின் ரத்தக் குழாய்களின் வாய்க்குப் போய்ச் சேர்கிறது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் உருவிவிடுகிறார்கள். தமனியில் துளை மட்டும் மிஞ்சுகிறது.

ஒரு காலத்தில் இந்த வாசல் பெரும்பாலும் தொடையில்தான் இருந்தது. தொடைத் தமனி பெரியது, எளிதில் கிடைப்பது. ஆனால் ஆழத்தில் ஓடுவது. அங்கே கசிந்தால் ரத்தம் வயிற்றின் பின்புறம் வரை ஏறித் தேங்கலாம்; வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அதனால்தான் தொடை வழி ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் மணிக்கணக்கில் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டியிருந்தது. கனடாவின் மொன்ட்ரியால் இதய மருத்துவமனையைச் சேர்ந்த லூசியன் காம்போ 1989 இல், மணிக்கட்டு வழியாக 100 பேருக்கு ஆஞ்சியோ செய்த அனுபவத்தை வெளியிட்டார். 1992 இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனெய் அதே வழியில் அடைப்பையும் நீக்கிக் காட்டினார். 2011 இல் வெளியான ரைவல் ஆய்வு 32 நாடுகளில் 7,021 நோயாளிகளைக் கொண்டு இரு வழிகளையும் ஒப்பிட்டது. துளையிட்ட இடத்தில் ரத்தக் குழாய் சார்ந்த பெரிய சிக்கல் தொடை வழியில் 3.7 சதவீதம் பேருக்கு வந்தது. கை வழியில் 1.4 சதவீதம் பேருக்கு. 2021 இல் அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல் கை வழியையே முதல் தேர்வாகச் சொல்கிறது.

மணிக்கட்டு ஏன் பாதுகாப்பானது? தமனி தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. அதன் அடியில் எலும்பு இருக்கிறது. ஆகவே விரலால் அழுத்தினாலே மூடிவிடலாம். இன்னொரு காரணம், உள்ளங்கைக்கு இரண்டு தமனிகள் ரத்தம் கொண்டுவருகின்றன. சுண்டுவிரல் பக்கம் அல்நார் தமனி ஒன்று உண்டு. இரண்டும் உள்ளங்கைக்குள் வளைந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. ஒன்றைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தாலும் கை பட்டினி கிடக்காது.

ஆனால் பாதுகாப்பு என்பது கவனம் வேண்டாம் என்பதற்கான அனுமதி ஆகாது. வழக்கமாகப் பயன்படும் ஷீத்தின் வெளிவிட்டம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். தமனியின் அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: குழாயின் அகலத்துக்கே ஒரு குழாய் உள்ளே இருந்திருக்கிறது. அதை எடுத்ததும் துளை தானே சற்றுச் சுருங்கும். ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் வந்து ஒட்டும். அவற்றின் மேல் ஃபைப்ரின் என்ற நார் வலை படியும். இப்படி உருவாகும் அடைப்பான் முதல் சில மணி நேரம் ஈர மண் பூசிய சுவர் மாதிரி. நாடி நிமிடத்துக்கு 70 முறை துடித்தால் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை. அத்தனை முறையும் ரத்த அழுத்தம் அந்த ஈரச் சுவரைத் தட்டுகிறது. போதாததற்கு, சிகிச்சையின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டிருப்பார்கள். மெல்லிய அந்தத் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தரும் மருந்து அது. தமனியைத் திறந்து வைக்கும் அதே மருந்துதான் துளையை மூட விடாமலும் செய்கிறது. அதன் வீரியம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகும். அடைப்பை நீக்கிய இடத்தில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரெலார் போன்ற இன்னொரு மாத்திரையும் சேரும். தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைப்பதுதான் அவற்றின் வேலை.

இதனால்தான் வெளியிலிருந்து அழுத்தம் தேவைப்படுகிறது. எவ்வளவு அழுத்தம் என்பதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது.

இப்போது பல மருத்துவமனைகளில் மணிக்கட்டில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டையைக் கட்டுகிறார்கள். அதில் பலூன் போன்ற ஒரு பை. சிரிஞ்சால் காற்றை ஏற்றினால் பை உப்பித் துளையின் மேல் அழுத்தும். பட்டை ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், அடியில் ரத்தம் கசிகிறதா என்று அவிழ்க்காமலே பார்க்கலாம். இந்தப் பட்டை இல்லாத இடங்களில் பஞ்சை உருட்டி வைத்து டைனாபிளாஸ்ட் என்ற நீளும் பிளாஸ்டரை இழுத்து ஒட்டுவார்கள். அது செலவு குறைந்தது, வேலையும் செய்யும். ஆனால் உள்ளே நடப்பது தெரியாது, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது.

ரத்தம் வரக் கூடாது என்றால் நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டால் போயிற்று என்றுதான் நமக்குத் தோன்றும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. தமனி முற்றிலும் நசுங்கும்படி மணிக்கணக்கில் கட்டி வைத்தால் உள்ளே ரத்தம் ஓடாமல் நின்று உறையும். தமனி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளலாம். அல்நார் தமனி கையைக் காப்பாற்றிவிடுவதால் நோயாளிக்குப் பெரும்பாலும் இது தெரியவே தெரியாது. வலி இல்லை, குறை இல்லை. அடுத்த முறை ஆஞ்சியோ செய்யவேண்டி வரும்போது மருத்துவர் தொட்டுப் பார்ப்பார், நாடி இருக்காது. பைபாஸ் அறுவைக்கு எடுத்து ஒட்டவும், சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸுக்கு வழி அமைக்கவும் இதே தமனி தேவைப்படலாம். அதை நாம் முன்பே இழந்திருப்போம்.

ஆகவே கசிவு நிற்கவும் வேண்டும், உள்ளே ஓட்டம் நிற்காமலும் இருக்க வேண்டும். 2008 இல் சமீர் பஞ்சோலியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதை அழகாக நிரூபித்தது. 436 நோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான கட்டு. மறு பாதிக்கு ஒரு சோதனை செய்து கட்டினார்கள்: விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டி, அல்நார் தமனியை விரலால் அழுத்திக்கொண்டு, கிளிப்பில் துடிப்பலை தெரியும்வரை கட்டைத் தளர்த்தினார்கள். அல்நார் மூடியிருக்கும்போதும் அலை தெரிந்தால் ரேடியல் தமனியில் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். துளையில் ரத்தம் வராத, ஆனால் அலை தெரிகிற அந்த இறுக்கத்தில் நிறுத்தினார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது தமனி அடைத்திருந்தவர்கள் முதல் குழுவில் 12 சதவீதம், இரண்டாம் குழுவில் 5 சதவீதம். ஒரு மாதம் கழித்து 7 சதவீதமும் 1.8 சதவீதமும். கொரோனா காலத்தில் நம் வீடுகளிலேயே வாங்கி வைத்த அந்தச் சின்னக் கிளிப்பால் ஒரு தமனியைக் காப்பாற்றலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. எல்லா மருத்துவமனைகளிலும் இது வழக்கமாக வேண்டும்.

பட்டை எவ்வளவு நேரம் இருக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆஞ்சியோ மட்டும் என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத் தொடங்குவார்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் தாமதிப்பார்கள். ஒவ்வொரு முறை இறக்கியதும் பார்ப்பார்கள். கசிந்தால் மறுபடி ஏற்றிக் காத்திருப்பார்கள். ஆகவே மற்றவருக்கு எடுத்துவிட்டார்கள், நமக்கு எடுக்கவில்லையே என்று நர்ஸை அவசரப்படுத்த வேண்டாம். பட்டை இறுக்குகிறது என்று உறவினர்கள் தொட்டுத் தளர்த்தவும் கூடாது. விரல்கள் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஈரம் கசிவது போலத் தோன்றினாலும் சொல்லுங்கள். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போனால் நல்லதுதானே.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வளையல், மோதிரம், கைக்கடிகாரம், காப்பு, கோயில் கயிறு எதுவானாலும் அந்தக் கையிலிருந்து கழற்றிவிட வேண்டும். கை வீங்கினால் அவை இறுகிக்கொள்ளும். வளையலைக் கழற்ற மனம் வராத அம்மாக்கள் உண்டு. இன்னொரு கையில் போட்டுக்கொள்ளட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் அவதிப்பட்டவர்கள் அதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். வயதானவர்கள், எடை குறைந்தவர்கள், பெண்கள், இவர்களுக்குக் கசிவு வர வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் வீட்டில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் 24 மணி நேரம்தான் முக்கியம். மணிக்கட்டை மடக்கக் கூடாது, கையை ஊன்றக் கூடாது. சொல்வது எளிது, நம் வீடுகளில் நாள் முழுக்கச் செய்வதே இவைதான். பாயிலிருந்து எழுவது, சோற்றைப் பிசைந்து உண்பது, ஈரத்துணியைப் பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது, வண்டியின் ஆக்சிலேட்டரை முறுக்குவது, எல்லாவற்றிலும் மணிக்கட்டு வளைகிறது. அன்று ஒரு நாள் பாய் வேண்டாம். கட்டிலிலோ நாற்காலியிலோ இருக்கட்டும். எழும்போது யாராவது மறு கைப் பக்கம் நின்று தாங்கட்டும். ஸ்பூனால் சாப்பிடட்டும், அல்லது யாராவது ஊட்டிவிடட்டும். தூங்கும்போது கையைத் தலையணை மேல் நீட்டி வைக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. விரல்களை மெல்ல அசைப்பதில் தவறில்லை.

கட்டை மறுநாள் எடுத்துவிட்டுச் சின்ன பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். குளிக்கலாம், ஆனால் கையைத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. பாத்திரம் கழுவுவது, துணி ஊற வைத்த வாளியில் கை விடுவது, குளத்தில் இறங்குவது எல்லாம் ஒரு வாரம் பொறுக்கட்டும். எடை தூக்குவதும் அப்படியே. நிறைகுடம் 15 கிலோ வரும். கேஸ் சிலிண்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இருசக்கர வண்டியை எப்போது ஓட்டலாம், வேலைக்கு எப்போது போகலாம் என்பதை மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் நாள் உங்கள் தொழிலைப் பொறுத்தது. கணக்கு எழுதுகிறவருக்கு ஒன்று, மூட்டை தூக்குகிறவருக்கு ஒன்று. ஆகவே என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இத்தனையும் மீறி ரத்தம் வந்தால்?

முதலில் உட்காருங்கள் அல்லது படுங்கள். மறு கையின் மூன்று விரல்களால், துளையின் மேலும் அதற்குச் சற்று மேலே முழங்கைத் திசையிலும் சேர்த்து அழுத்துங்கள். இந்தச் சின்ன விஷயம் பலருக்குத் தெரியாது. ஊசி சாய்வாக நுழைவதால் தோலில் உள்ள துளையும் தமனியில் உள்ள துளையும் ஒரே நேரில் இருப்பதில்லை. தமனியின் துளை முழங்கைப் பக்கமாகச் சற்றுத் தள்ளியிருக்கும். தோலின் துளையை மட்டும் பொத்தினால் ரத்தம் வெளியே வராமல் உள்ளே பரவும். எங்கள் நர்ஸ் அக்கா அன்று வைத்தது நாடி பிடிக்கும் இடத்தில்தான். அழுத்திக்கொண்டே கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்குங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அப்போதுதான் படியத் தொடங்கிய அடைப்பான் பிய்ந்துபோகும். நின்ற பிறகும் அன்றைக்குக் கையை அசைக்காமல் வைத்திருந்து மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

பத்து நிமிடம் கழித்தும் நிற்கவில்லை என்றாலோ, ஆரம்பத்திலேயே பீய்ச்சி அடித்தாலோ உடனே ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. வரும்வரை அழுத்திய விரலை எடுக்காதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அவை தமனிக்குள் போய் எதையும் அடைக்கப்போவதில்லை. தோலில் கிருமியைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். துண்டைச் சுற்றுவதாலும் பயனில்லை, அது ரத்தத்தை உறிஞ்சும், துளையை அழுத்தாது. மேற்கையில் கயிறு கட்டுவது இன்னும் கெடுதல். அரைகுறையாக இறுக்கினால் தமனி திறந்தே இருக்கும், ரத்தம் திரும்பிப் போகும் சிரைகள் மட்டும் மூடிக்கொள்ளும்; கசிவு கூடும்.

கட்டு காய்ந்திருக்கிறது என்று நிம்மதியடைந்து ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கதீட்டரும் கம்பியும் கை முழுக்கப் பயணம் செய்தவை. சில வேளை வழியில் ஒரு கிளைக் குழாயில் கீறல் விழலாம். அப்போது மணிக்கட்டில் ஒன்றும் தெரியாது. முன்கையின் சதைக்குள் ரத்தம் தேங்கும். ஆகவே கட்டை மட்டும் பார்க்காமல் முழங்கை வரை தடவிப் பாருங்கள். மறு கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீக்கம் தெரிந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். கோட்டைத் தாண்டினால் தாமதிக்க வேண்டாம். முன்கை கல் மாதிரி இறுகி, விரலை நீட்டினாலே உயிர் போகிற வலி, மரத்துப்போவது, விரல்கள் வெளிறிச் சில்லிட்டுப்போவது, இவை வந்தால் கோடு போட்டுப் பார்க்கவும் நேரம் இல்லை. சதை உறைக்குள் அழுத்தம் ஏறி நரம்பையும் தசையையும் நசுக்கும் நிலை அது. அரிதானது, ஆனால் சில மணி நேரத்தில் கையை முடமாக்கக்கூடியது. நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும்.

மற்றபடி துளையைச் சுற்றி நீலமாகக் கன்றிப்போவது சாதாரணம். நாளாக ஆகப் பச்சையாகும், மஞ்சளாகும், ஓரிரு வாரத்தில் மறையும். தொட்டால் கொஞ்சம் வலிப்பதும், சிறு கோலிக்குண்டு அளவுக்குக் கட்டியாகத் தட்டுப்படுவதும் பயப்பட வேண்டியவை இல்லை. சில நாள் கழித்து அந்தக் கட்டி பெரிதாகி, நாடி போலவே துடித்தால், அல்லது துளை சிவந்து சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

கடைசியாகச் சொல்வதுதான் மிக முக்கியமானது. கை நீலமானதைப் பார்த்துவிட்டு, அல்லது இரண்டு சொட்டு ரத்தம் வந்ததும், இந்த மாத்திரைகளால்தானே என்று ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மணிக்கட்டுத் துளையை விரலால் அழுத்தி நிறுத்தலாம். புதிதாக வைத்த ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் அழுத்துவதற்கு விரல் எட்டாது. மாரடைப்பு வரும், உயிர் போகலாம். ஆகவே சந்தேகம் வந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதலில் மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன்பே அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, நோயாளியின் போனிலும் கூட இருப்பவரின் போனிலும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.